டிரம்ப் மீதான 2019 பதவிநீக்க விசாரணை: அதிகாரிகளில் யார் சொன்னதை நம்புவது? (கேள்வி பதில்)

பின்னணி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 2019 ஜூலை 25 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப், உக்ரைன் அதிபர் செலன்ஸ்கியோடு தொலைபேசியில் பேசினார். 2020 தேர்தலில் தனக்குப் போட்டியாக வரக்கூடிய ஜோ பைடனையும் அவர் மகன் ஹன்டரையும் பற்றி விசாரிக்கும்படி அதில் கேட்டுக்கொண்டார். அந்தச் சமயத்தில் உக்ரைனுக்குப் போக வேண்டிய சுமார் 39 கோடி டாலர் ராணுவ உதவி நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. இரண்டுக்கும் முடிச்சு உண்டா இல்லையா என்பதுதான் விவகாரம். பெயர் வெளியிடாத ஓர் உளவுத்துறை அதிகாரி இதுபற்றி ஆகஸ்டில் கொடுத்த புகாரில்தான் எல்லாம் தொடங்கியது.

கேள்வி: டிரம்ப் 'இம்பீச்' ஆனார் என்கிறார்கள். ஆனால் பதவியில் தொடர்ந்தாரே, அது எப்படி சார்?

இம்பீச்மென்ட் என்பது குற்றச்சாட்டு மட்டும்தான். பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையில் குற்றம் சாட்டும். விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது செனட். அங்கே வந்திருக்கும் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் 'குற்றவாளி' என்றால்தான் பதவி போகும். 2019 டிசம்பர் 18 அன்று சபை இரண்டு குற்றச்சாட்டுகளை நிறைவேற்றியது: அதிகார துஷ்பிரயோகம் (230-197), காங்கிரஸின் விசாரணைக்கு முட்டுக்கட்டை (229-198). 2020 பிப்ரவரி 5 அன்று செனட்டில் முதலாவதுக்கு 48 பேரும் இரண்டாவதுக்கு 47 பேரும்தான் 'குற்றவாளி' என்றார்கள். தேவைப்பட்டது 67. குடியரசுக் கட்சியிலிருந்து மிட் ராம்னி ஒருவர் மட்டும் முதல் குற்றச்சாட்டில் 'குற்றவாளி' என்று வாக்களித்தார்.

கேள்வி: பேச்சின் பதிவை வெள்ளை மாளிகையே வெளியிட்டுவிட்டதே. அதற்கு மேல் சாட்சி எதற்கு?

செப்டம்பர் 25-ல் வெளிவந்தது ஒலிப்பதிவு அல்ல. சொல்லுக்குச் சொல் எழுதியதும் அல்ல. பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த ஊழியர்களின் குறிப்புகளையும் நினைவையும் வைத்துத் தொகுத்த ஐந்து பக்கக் குறிப்பு. முதல் பக்கத்தின் அடியிலேயே அந்த எச்சரிக்கை இருக்கிறது. அழைப்பைக் கேட்ட லெப்டினன்ட் கர்னல் விண்ட்மன், தான் சொன்ன சில திருத்தங்கள் ஏறவில்லை என்று சாட்சி சொன்னார். உதாரணமாக, செலன்ஸ்கி 'புரிஸ்மா' (ஹன்டர் பைடன் இயக்குநராக இருந்த உக்ரைன் எரிவாயு நிறுவனம்) என்று பெயரைச் சொன்ன இடத்தில் குறிப்பில் 'அந்த நிறுவனம்' என்று இருந்தது. இவை சாரத்தை மாற்றிவிடவில்லை என்பதே என் கணிப்பு.

குறிப்பின் உண்மையான போதாமை வேறு. உதவி நிறுத்தப்பட்ட விஷயமே அதில் வராது. ஏன் நிறுத்தினார்கள், யார் சொல்லி நிறுத்தினார்கள் என்பதைச் சம்பந்தப்பட்ட அதிகாரிகள்தான் சொல்ல முடியும். அதனால்தான் சாட்சிகள்.

கேள்வி: புகார் கொடுத்தவர் எதையும் நேரில் பார்க்கவில்லையாமே? கேள்விப்பட்டதை வைத்து ஒரு அதிபரை இப்படி இழுக்கலாமா?

பெரும்பாலான சம்பவங்களுக்குத் தான் நேரடிச் சாட்சி இல்லை என்பதைப் புகார்தாரரே தன் கடிதத்தில் எழுதியிருக்கிறார். யாரும் கண்டுபிடித்து அம்பலப்படுத்திய ரகசியம் அல்ல அது. இந்தப் புகாரை எஃப்.ஐ.ஆர். மாதிரி பாருங்கள். விசாரணையைத் தொடங்கிவைப்பதோடு அதன் வேலை முடிந்தது. பிறகு நேரடியாகக் கேட்டவர்களே கூண்டில் ஏறிவிட்டதால், டிசம்பரில் நிறைவேறிய குற்றச்சாட்டுகள் இந்தப் புகாரை நம்பி நிற்கவில்லை.

நடைமுறை எங்கே சறுக்கியது என்று பாருங்கள். சட்டப்படி உளவுத்துறை இன்ஸ்பெக்டர் ஜெனரல் 14 நாளில் புகார் நம்பத்தக்கதா என்று முடிவுசெய்ய வேண்டும். தேசிய உளவு இயக்குநர் அடுத்த 7 நாளில் காங்கிரஸுக்கு அனுப்ப வேண்டும். புகார் ஆகஸ்ட் 12. இன்ஸ்பெக்டர் ஜெனரல் அட்கின்சன் சரியாக ஆகஸ்ட் 26-ல், 'நம்பத்தக்கது, அவசரமானது' என்று மேலே அனுப்பினார். அங்கே நின்றுபோனது. நீதித்துறையும் (நீதிமன்றம் அல்ல, அரசின் ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட்) வெள்ளை மாளிகையும் கலந்து பேசி அனுப்பாமல் வைத்திருக்க, செப்டம்பர் 9-ல் அட்கின்சனே 'இப்படியொரு புகார் இருக்கிறது' என்று காங்கிரஸ் குழுக்களுக்கு எழுதினார். ராணுவ உதவி விடுவிக்கப்பட்டது செப்டம்பர் 11-ல். 'உதவிதான் போய்ச் சேர்ந்ததே' என்று வாதாடுவோர் இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: ஐரோப்பிய ஒன்றியத்துக்கான அமெரிக்கத் தூதர் சோன்ட்லண்ட் முதலில் ஒன்று சொன்னார், பிறகு வேறு சொன்னார். பொய்ச் சாட்சிக்கு ஏன் வழக்குப் போடவில்லை?

அதிகாரிகளின் நேர்மையைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் இவரை விடச் சிறந்த பாடம் கிடையாது. வரிசையாகப் பார்ப்போம்.

அக்டோபர் 17, மூடிய அறையில் வாக்குமூலம். உதவி ஏன் நிறுத்தப்பட்டது என்று தெரியாது என்றார். அக்டோபர் 22-ல் உக்ரைனில் அமெரிக்கத் தூதரகப் பொறுப்பில் இருந்த டெய்லரும், 31-ல் தேசியப் பாதுகாப்பு கவுன்சில் அதிகாரி மாரிசனும் சாட்சி சொன்னார்கள்: செப்டம்பர் 1 அன்று வார்சாவில், செலன்ஸ்கியின் உதவியாளர் எர்மாக்கிடம் உதவியையும், பைடன் பற்றிய விசாரணையை உக்ரைன் அறிவிப்பதையும் சேர்த்துப் பேசியவரே சோன்ட்லண்ட்தான் என்று. நவம்பர் தொடக்கத்தில் அவரிடமிருந்து எழுத்தில் ஒரு துணை வாக்குமூலம் வந்தது. அவர்கள் இருவரின் சாட்சியத்தைப் பார்த்த பிறகு நினைவு வந்ததாம். எர்மாக்கிடம் அப்படிச் சொன்னது உண்மைதானாம். நவம்பர் 20, தொலைக்காட்சியில்: செலன்ஸ்கிக்கு வெள்ளை மாளிகைச் சந்திப்பு தருவதற்கு ஈடாக விசாரணை அறிவிப்பைக் கேட்டது உண்மை என்று ஒப்புக்கொண்டார். ஆனால் ராணுவ உதவி விஷயத்தில், டிரம்ப் தன்னிடம் அப்படிச் சொல்லவில்லை, அது தன் அனுமானம் என்றார். ஒரே நாள் சாட்சியத்திலிருந்து இரண்டு தரப்பும் தனக்கு வேண்டியதை வெட்டி எடுத்துக்கொண்டது.

வழக்கு ஏன் இல்லை? சொன்னது பொய் என்று காட்டினால் மட்டும் போதாது. சொல்லும்போதே பொய் என்று அவருக்குத் தெரியும், வேண்டுமென்றே சொன்னார், அது விசாரணைக்கு முக்கியமான விஷயம் என்று எல்லாவற்றையும் நிரூபிக்க வேண்டும். 'எனக்கு நினைவில்லை' என்பவரின் மண்டைக்குள் நினைவு இருந்தது என்று காட்டுவது மகா கஷ்டம். பின்னால் திருத்திக்கொண்டால் முதல் பொய் தானாக அழிந்துவிடாது. ஆனால் திட்டமிட்டு ஏமாற்றினார் என்ற வாதம் நீர்த்துப்போகும். நல்ல வழக்கறிஞர் வைத்திருக்கும் சாட்சி இதெல்லாம் தெரிந்துதான் பேசுவார்.

கேள்வி: அப்படியென்றால் சாமர்த்தியமாகப் பேசினால் தப்பிக்கலாம் என்கிறீர்களா?

சட்டத்தின் பிடியிலிருந்து, ஆமாம். 1973-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. பிரான்ஸ்டன் என்பவரிடம் திவால் விசாரணையில் கேட்டார்கள்: சுவிஸ் வங்கியில் உங்களுக்குக் கணக்கு இருக்கிறதா? இல்லை. எப்போதாவது இருந்ததா? 'கம்பெனிக்கு ஜூரிக்கில் ஆறு மாதம் போல ஒரு கணக்கு இருந்தது' என்றார். அவர் பெயரிலும் முன்பு கணக்கு இருந்தது. கேட்டது அவரைப் பற்றி, சொன்னது கம்பெனியைப் பற்றி. சொன்ன வார்த்தை உண்மையாக இருப்பதால் இது பொய்ச் சாட்சி ஆகாது, அடுத்த கேள்வியைக் கேட்டு மடக்காதது வழக்கறிஞரின் குறை என்று நீதிமன்றம் விடுவித்தது.

இதே பாதையில் நடக்கப் பார்த்தவர் கிளின்டன். கிராண்ட் ஜூரியிடம் (வழக்குத் தொடரலாமா என்று முடிவுசெய்யும் குடிமக்கள் குழு) பொய் சொன்னதாக 1998 டிசம்பர் 19 அன்று சபை அவர்மேல் குற்றம் சாட்டியது (228-206). செனட்டில் 45-55 என்று தோற்றது. பதவி தப்பியது, ஆனால் ஒரு ஃபெடரல் நீதிபதி 1999 ஏப்ரலில் நீதிமன்ற அவமதிப்பு என்று தீர்ப்பளித்தார். 2001-ல் அர்கன்சாவில் வக்கீல் உரிமம் ஐந்து ஆண்டுகளுக்கு நிறுத்தப்பட்டது.

கேள்வி: காங்கிரஸிடம் பொய் சொல்லி யாராவது உண்மையிலேயே மாட்டியிருக்கிறார்களா? சும்மா பயமுறுத்தலா?

மாட்டியிருக்கிறார்கள். மாஸ்கோ கட்டடத் திட்டம் பற்றிப் பொய் சொன்னதாக டிரம்பின் வழக்கறிஞர் மைக்கேல் கோஹன் 2018 நவம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். டிரம்பின் நீண்டகால ஆலோசகர் ரோஜர் ஸ்டோனைக் குற்றவாளி என்று ஜூரி சொன்னது 2019 நவம்பர் 15. பதவிநீக்க விசாரணையின் பொது அமர்வு நடந்துகொண்டிருந்த அதே வாரம். 40 மாதச் சிறைத் தண்டனையை டிரம்ப் குறைத்து, பிறகு மன்னிப்பும் கொடுத்தார். ஸ்டோன் மாட்டியது அவருடைய ஈமெயிலும் குறுஞ்செய்தியும் கையில் கிடைத்ததால். எழுத்தில் எதுவும் இல்லாவிட்டால் இந்த வழக்குகள் நிற்பதில்லை.

கேள்வி: வரவே மாட்டேன் என்றவர்களை என்ன செய்ய முடியும்? தேசியப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்த போல்டன், வெள்ளை மாளிகைத் தலைமை அதிகாரியாக இருந்த மல்வேனி எல்லாம் வரவில்லையே.

காகிதத்தில் மூன்று வழி. ஒன்று, குற்றவியல் அவமதிப்பு: ஒரு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை. ஆனால் வழக்குப் போட வேண்டியது நீதித்துறை. அது அதிபரின் கீழ் இருக்கிறது. இரண்டு, சிவில் வழக்கு. மூன்று, சபையே ஆளைப் பிடித்துவைப்பது. பல பத்தாண்டுகளாக யாரும் தொட்டதில்லை.

சிவில் வழக்கு எவ்வளவு இழுக்கும் என்பதற்கு வெள்ளை மாளிகையின் முன்னாள் வழக்கறிஞர் மெக்கான் ஒருவர் போதும். 2019 ஏப்ரலில் சம்மன். நவம்பர் 25-ல் நீதிபதி கேட்டன்ஜி பிரவுன் ஜாக்சன், வந்தே தீர வேண்டும் என்று தீர்ப்பளித்தார். மேல்முறையீடுகள் ஓடி, அவர் மூடிய அறையில் பேசியது 2021 ஜூனில். அதற்குள் டிரம்ப் பதவியிலேயே இல்லை. அதிபர் நிக்சன் காலத்தில், அவருடைய வெள்ளை மாளிகைப் பேச்சுகளின் டேப்புக்கான சம்மன் 1974 ஏப்ரலில், உச்ச நீதிமன்றத்தின் 8-0 தீர்ப்பு ஜூலை 24-ல். அது குற்றவியல் வழக்கில் சிறப்பு வழக்கறிஞர் கேட்டது, அதனால் வேகம்.

சபையில் பெரும்பான்மை வைத்திருந்த ஜனநாயகக் கட்சியும் இங்கே சுத்தமில்லை. போல்டனின் துணைவர் குப்பர்மன் நீதிமன்றத்திடம் வழிகேட்டுப் போனதும், சபை சம்மனையே திரும்பப் பெற்றுக்கொண்டது. நேரம் இல்லை என்றார்கள். முக்கியச் சாட்சி இல்லாமல் வழக்கைச் செனட்டுக்கு அனுப்பினால் அங்கே என்ன நடக்கும்? 2020 ஜனவரி 31-ல் சாட்சிகளை அழைக்கும் தீர்மானம் 49-51 என்று தோற்றது.

கேள்வி: மூடிய அறையில் ரகசியமாக நடத்தியது நியாயமா?

பாதி நியாயமான புகார். மூடிய அமர்வுகளில் மூன்று குழுக்களின் குடியரசுக் கட்சி உறுப்பினர்களும் உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள். எழுத்துப்பதிவுகள் பிறகு வெளிவந்தன. ஒரு சாட்சி இன்னொருவர் சொன்னதைக் கேட்டுத் தன் கதையை ஒட்டவைக்காமல் இருக்கத்தான் முதல் கட்டத்தை மூடிவைப்பது. அந்த ஏற்பாடு பயன்பட்டதா என்பது சோன்ட்லண்ட் கதையிலேயே தெரியும். உளவுக் குழு அமர்வுகளில் அதிபரின் வழக்கறிஞருக்கு இடம் கொடுக்காதது உண்மை. நீதிக் குழுவில் கொடுத்தபோது வெள்ளை மாளிகை வர மறுத்ததும் உண்மை. சபையில் சிறுபான்மையாக இருந்த குடியரசுக் கட்சி கேட்ட சாட்சிகளில் வோல்கர், மாரிசன், ஹேல் ஆகிய அதிகாரிகள் வந்தார்கள். ஹன்டர் பைடனையும் புகார்தாரரையும் அனுமதிக்கவில்லை.

கேள்வி: வணக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து. எங்கட குற்றப்பிரேரணையும் இதுவும் ஒன்றா?

இல்லை. இலங்கையில் ஜனாதிபதி மீதான பிரேரணையைச் சபாநாயகர் ஏற்றுப் பாராளுமன்றம் மூன்றில் இரண்டால் நிறைவேற்றிய பிறகு உயர் நீதிமன்றம் (அங்கே அதுதான் நாட்டின் உச்ச நீதிமன்றம்) விசாரிக்கும். கடைசி வாக்கெடுப்பு மறுபடி பாராளுமன்றத்தில். அமெரிக்காவில் தலைமை நீதிபதி செனட் விசாரணைக்குத் தலைமை மட்டும் தாங்குவார்.

கேள்வி: சாட்சியப் பதிவுகளை நானே படித்துப் பார்க்க ஆசை. எதைக் கவனிக்க வேண்டும்?

பதிலை விட்டுவிட்டுக் கேள்வியைப் படியுங்கள். கேட்டது ஒன்று, சொன்னது பக்கத்து வீட்டு விஷயம் என்றால் அங்கே கோடு போடுங்கள். அடுத்து, 'நடக்கவில்லை' என்கிறாரா, 'நினைவில்லை' என்கிறாரா என்று பிரியுங்கள். மூன்றாவது, அன்றன்றைக்கே எழுதிய குறிப்பு யாரிடம் இருக்கிறது? டெய்லர் கையோடு குறிப்பேடு வைத்திருந்தவர். சோன்ட்லண்ட் தனக்குக் குறிப்பு எழுதும் பழக்கம் இல்லை என்றவர். இருவர் சொல்வதும் முரண்பட்டால் எந்தப் பக்கம் சாய்வது என்பதற்கு இது ஒன்றே பெரும்பாலும் போதும்.

சோதித்துப் பார்க்க ஜூலை 26 அழைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கீவில் ஓர் உணவகத்தின் வெளி மேசையில் உட்கார்ந்து சோன்ட்லண்ட் கைப்பேசியில் டிரம்போடு பேசினார். டிரம்ப் பேசிய சத்தத்தில் பக்கத்திலிருந்த தூதரக அதிகாரி டேவிட் ஹோம்ஸுக்கும் கேட்டது. செலன்ஸ்கி விசாரணையைச் செய்வாரா என்று டிரம்ப் கேட்டதாக ஹோம்ஸ் சாட்சி சொன்னார். சோன்ட்லண்டின் அக்டோபர் வாக்குமூலத்திலும் இந்த அழைப்பு இல்லை, துணை வாக்குமூலத்திலும் இல்லை. நவம்பர் 20-ல் அழைப்பு நடந்ததை ஒப்புக்கொண்டார். பைடன் பெயர் வந்ததாக மட்டும் நினைவில்லை என்றார். முதலில் அக்டோபர் 17 பதிவு, பிறகு ஹோம்ஸ், கடைசியில் நவம்பர் 20 என்ற வரிசையில் படியுங்கள். மாற்றிப் படித்தால் எது எப்போது விடுபட்டது என்பது கண்ணில் படாது.