கார்பமாசிபைன் சாப்பிட்டால் தோல் உரிந்துவிடுமா? அப்பாவுக்கு நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விட்டால் வலிப்பு அடுத்தடுத்து வந்து, அதுவே உயிருக்கு உலை வைக்கும். போன வாரம்தான் தொடங்கினார் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னும் இரண்டு மாதம் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு கவனியுங்கள்.

நான் மருத்துவர் இல்லை. "ஏன் பயமுறுத்துகிறாய்" என்று பின்னூட்டம் போட வருபவர்களுக்கு: இது அபூர்வம் என்று எனக்கும் தெரியும். அந்த அபூர்வம் எங்கள் வீட்டுக்கு வந்தது.

என் கணவருக்கு முக நரம்பு வலி. பல் தேய்த்தாலே மின்சாரம் பாய்ந்ததுபோல் துடிப்பார். அதற்கும் இதே மாத்திரைதான். மாதம் முடிவதற்குள் காய்ச்சல், கண் எரிச்சல், எச்சில் விழுங்க முடியாத தொண்டை வலி. கிளினிக்கில் வைரஸ் காய்ச்சல் என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். மறுநாள் உதடு வெந்து, மார்பெல்லாம் கருஞ்சிவப்புத் திட்டும் கொப்புளமும்.

மாமியார் பார்த்தவுடன் "அம்மை போட்டிருக்கிறது" என்று வாசலில் வேப்பிலை செருகினார். அம்மை கண்டவருக்கு மாத்திரை ஆகாது என்று எல்லாவற்றையும் பிடுங்கி ஒளித்துவைத்தார். நம்பமாட்டீர்கள், அன்று நடந்ததில் உருப்படியான காரியம் அதுதான். காரணமான மருந்தை எவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறோமோ அவ்வளவுக்குப் பிழைக்கும் வாய்ப்பு என்று பிறகு தோல் மருத்துவர் சொன்னார். மாரியம்மன் காப்பாற்றினாள் என்கிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் தடுத்ததும் அதே வேப்பிலைதான். முதுகுத் தோல் பாயோடு ஒட்டிக்கொண்டு வந்தபிறகே கிளம்பினோம்.

"இரண்டு மாதத்துக்குள் புதிதாக என்ன மாத்திரை?" அங்கே முதல் கேள்வியே இதுதான். கடையில் அட்டையை வெட்டிக் கொடுத்ததில் பெயர் இருந்த பாதி எங்களிடம் இல்லை. மருந்துச் சீட்டைத் தேடித் தம்பி வீட்டுக்கு ஓடினான். ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்றார்கள், மருந்து ஒத்துக்கொள்ளாமல் தோல் உரியும் நோய். உடல் பரப்பில் 10 சதவீதத்துக்குள் உரிந்தால் அந்தப் பெயர். 30 சதவீதத்தைத் தாண்டினால் பெயரும் வேறு, ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பிழைப்பதில்லை. இவர் நடுவில் நின்றார். தீக்காயப் பிரிவில் வைத்துக் காப்பாற்றினார்கள். தோல் வந்துவிட்டது, கண்தான் வறண்டுபோய், இன்றும் சொட்டு மருந்து.



எச்எல்ஏ-பி 15:02 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு இந்த மாத்திரையால் ஆபத்து மிக அதிகம் என்று 2004இல் தைவானில் கண்டுபிடித்தார்கள். 2007இலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, ஆசிய வம்சாவளியினருக்கு முதலில் அதைப் பரிசோதிக்கச் சொன்னது. இந்தியர்களிலும் சிலருக்கு அது உண்டு. எங்களிடம் யாரும் மூச்சுவிடவில்லை. நீங்கள் கேளுங்கள். அந்த வகை இல்லை என்று வந்தாலும் கவனத்தை விடவேண்டாம்.

காய்ச்சலோடு வாய்ப்புண், கண் சிவப்பு, தொட்டால் வலிக்கும் தடிப்பு வந்தால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல், அட்டையோடு அப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாற்றாகப் பெனிடாயினோ பெனோபார்பிட்டோனோ எழுதினால் இதைச் சொல்லிக் கேள்வி கேளுங்கள். அவற்றாலும் இது வரும். யூரிக் அமிலத்துக்கு அலோபியூரினால் புதிதாகத் தொடங்கியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், அதுவும் இந்தப் பட்டியலில் இருப்பதுதான்.