எல்4–எல்5 டிஸ்க் பிதுக்கம்: நகையை விற்பதற்கு முன்னால் ஒரு நிமிடம்

கேள்வி: பர்மாவில், பெகுவில் மளிகைக் கடை வைத்திருக்கிறோம் டாக்டர். அம்மாவுக்கு 54 வயது. இரண்டு மாதமாக இடுப்பு வலி, இடது கால் கட்டைவிரல் வரை இழுக்கிறது. ரங்கூனில் எம்ஆர்ஐ எடுத்ததில் எல்4–எல்5 டிஸ்க் பிதுங்கியிருப்பதாக ரிப்போர்ட் வந்தது. பாங்காக்குக்கு நோயாளிகளை அழைத்துப் போகும் ஒருவர், தண்டுவடம் நசுங்குகிறது, ஒரு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் இரண்டு காலும் விழுந்துவிடும் என்கிறார். நகையை விற்கலாமா?

பதில்: நகை பெட்டியிலேயே இருக்கட்டும் தம்பி.

அம்மாவை நிற்கச் சொல்லி, இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் இரண்டு கையையும் வையுங்கள். உங்கள் கட்டைவிரல்கள் முதுகு நடுவில் சந்திக்கும் இடம்தான் ஏறக்குறைய எல்4, அதாவது இடுப்பு முள்ளெலும்புகள் ஐந்தில் நான்காவது. அதற்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் மெத்தை மாதிரி இருப்பதுதான் எல்4–எல்5 டிஸ்க். தண்டுவடம் அதுவரை வருவதே இல்லை. மூளையிலிருந்து சுண்டுவிரல் கனத்தில் சுமார் 45 செ.மீ. இறங்கி, பெரியவர்களுக்கு எல்1, எல்2 பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே குதிரை வால் மாதிரி நரம்பு இழைகள்தான் தொங்குகின்றன. இல்லாத தண்டுவடத்தை எல்4–எல்5 டிஸ்க் எப்படி நசுக்கும்? உங்களைப் பெற்றது சிசேரியனில் என்றால், அன்று அம்மாவுக்கு முதுகில் ஊசி போட்டிருப்பார்களே, அதையும் பெரும்பாலும் இந்த இடத்தை ஒட்டித்தான் போடுகிறார்கள், தண்டுவடத்தில் குத்திவிடக் கூடாது என்பதற்காக. (அந்த ஊசியால்தான் இன்றைக்கும் முதுகு வலிக்கிறது என்று சொல்லும் அம்மாக்களோடு வாதாடி நான் ஓய்ந்துவிட்டேன்.)

சரி, வலி எதனால்? டிஸ்க் பிதுங்கினாலோ கிழிந்தாலோ பக்கத்தில் போகும் ஒரு நரம்பு வேரை அழுத்தும், எரிச்சலும் மூட்டும். எல்4–எல்5இல் அது பெரும்பாலும் எல்5 நரம்பு. அது கெண்டைக்காலின் வெளிப்பக்கமாகப் போய்க் கால் கட்டைவிரலில் முடிகிறது, நீங்கள் எழுதியிருப்பதும் அதைத்தான். இந்த வலி பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரத்தில் கத்தியில்லாமலே தணிந்துவிடும். தணியாமல் ஆளை முடக்கினால் ஆபரேஷனைப் பற்றி யோசிக்கலாம், அதை நிதானமாக இங்கேயே ஒரு டாக்டரிடம் பேசி முடிவு செய்யலாம். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளில், ஐம்பது வயதுக்காரர்களில் 100க்கு 60 பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. ரிப்போர்ட்டில் அந்தச் சொல் இருப்பதாலேயே ஆபரேஷன் என்றால் ரங்கூனில் பாதிப் பேர் பாங்காக்கில்தான் இருக்க வேண்டும்.

அந்த ஆளுக்கு ஆஸ்பத்திரி கமிஷன் தருகிறதா என்று கேட்டுப் பாருங்கள். அப்படியே, அம்மாவின் காலைத் தொட்டுப் பார்த்த டாக்டர் யார் என்றும் கேளுங்கள். என்னிடம் வருகிறவர்களில் எத்தனையோ பேர் பிளாஸ்டிக் பையில் ஃபிலிமோடு வருகிறார்கள், ஆனால் அவர்களில் ஒருவரையும் எந்த டாக்டரும் குதிகாலில் நடக்கவிட்டுக் காலின் பலத்தைப் பார்த்ததில்லை. முதலில் ஸ்கேன், பிறகு ஆங்கிலத்தில் ஒரு பக்கம், விளக்கிச் சொல்ல நாதியில்லை. அந்த இடைவெளியில்தான் புரோக்கர் நாற்காலி போட்டு உட்காருகிறான். வெற்றிலைக் கடையில் கலந்து கட்டித் தரும் பொட்டல மாத்திரையும் வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் இரண்டு நாள் சொர்க்கம், அப்புறம் வயிறு புண், சர்க்கரை ஏற்றம். இடுப்பைச் சொடுக்கி எடுப்பவரிடமும் போக வேண்டாம்.

ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் ஓட வேண்டும், அதை நன்றாக மனதில் வையுங்கள். சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமலே போனாலோ, மலம் அடங்காமல் போனாலோ, சைக்கிள் சீட்டில் படும் இடம், அதாவது இரண்டு தொடை இடுக்கும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போனாலோ, அந்தக் குதிரை வால் முழுவதுமே அழுத்தத்தில் இருக்கிறது என்று அர்த்தம். கழுவும்போது தண்ணீர் படுவது தெரிகிறதா என்று அம்மாவிடம் கூச்சப்படாமல் கேளுங்கள், நீங்கள் கேட்க முடியாவிட்டால் அக்காவோ சித்தியோ கேட்கட்டும். தெரியவில்லை என்றால் விடியும்வரை காத்திருக்காமல் அன்று இரவே அறுவைச் சிகிச்சை நடக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். அங்கே மணிக்கணக்குதான், மாதக் கணக்கு இல்லை. பாங்காக்குக்கு டிக்கெட் எடுக்கவும் நேரமிருக்காது.

அது இல்லையென்றால், நாளைக்கு அம்மாவைக் குதிகாலில் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். இடது பாதம் தொங்கினால் இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். தொங்கவில்லையென்றால் படுத்தே கிடக்கவிடாமல் காலையும் மாலையும் கொஞ்சம் நடக்கவிடுங்கள், எண்ணெய் டின்னையும் அரிசி மூட்டையையும் கொஞ்ச நாளைக்கு நீங்கள் தூக்குங்கள்.