வண்டி கேள்வி பதில்: பிக்கப் கேபின் மேல் ரூஃப் ரேக்

கேள்வி: என் பிக்கப்பின் கூரையில் ரேக் மாட்டுவதற்கான இடங்கள் எதுவும் கொடுக்கப்படவில்லை. துளை போட்டால் ஒழுகும் என்கிறார்கள். துளையில்லாமல் கதவு விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் போதுமா?

பதில்: எப்போதாவது லேசான சாமான் ஏற்றுவதென்றால் கிளாம்ப் போதும். ஆனால் அது உங்கள் மாடலுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். வளைவு பொருந்தாத கிளாம்ப், கதவு ரப்பரை நசுக்கி அந்த வழியாகவே தண்ணீரை உள்ளே விடும்.

நிரந்தரமாக மாட்டத் துளைதான் நல்லது. ஒழுகுவது துளையால் அல்ல, அரைகுறையாக முடிப்பதால்தான். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிச் சில நிமிடம் பொறுத்து, உட்கூரையை இறக்குங்கள். கதவுக்கு மேலே, மோதலில் பக்கவாட்டில் திரைபோல விரியும் ஏர்பேக்கைச் சுருட்டி வைத்திருக்கலாம். அதன் மேல் டிரில் இறங்கவே கூடாது. வெறும் தகட்டின் நடுவை விட்டுவிட்டு, உள்ளே சட்டம் தாங்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

மாஸ்கிங் டேப் ஒட்டி 3 மி.மீ. துளை, பிறகு அதைப் பெரிதாக்குங்கள். 6 மி.மீ. போல்ட் ஏறும் ரிவெட் நட்டுக்கு (தகட்டுத் துளையிலேயே பதித்துவிடும் நட்டு) பெரும்பாலும் 9 மி.மீ. துளை கேட்கும், பாக்கெட்டில் உள்ள அளவைப் பாருங்கள். பிசிரை நீக்கி, கூரையில் சிந்திய இரும்புத்தூளை ஒன்றுவிடாமல் எடுங்கள். ஒரு துணுக்கு தங்கினாலும் பெயின்டில் துருப்புள்ளி விழும். வெட்டுவாயில் பிரைமர் பூசி, நன்றாகக் காய்ந்தபின் நட்டைப் பொருத்துங்கள். நட்டின் கழுத்திலும் ரேக்கின் காலடியிலும் தண்ணீர் புகாமல் அடைக்கும் பாலியூரித்தேன் சீலன்ட் வையுங்கள். வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் வேண்டாம். இறுகும்போது அது விடும் அமிலம் தகட்டை அரிக்கும்.

போல்ட்டை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால், ரேக் கம்பெனி சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். மிஞ்சினால் ரிவெட் நட் தகட்டிலேயே சுழல ஆரம்பிக்கும். அப்புறம் இறுக்கவும் முடியாது, கழற்றவும் முடியாது. ஒரு நாள் விட்டு, கூரை மேல் தண்ணீர் அடித்து, உள்ளே டார்ச் பிடித்துப் பாருங்கள். கசிவில்லை என்று தெரிந்தபின்தான் உட்கூரையை ஏற்ற வேண்டும்.

கேள்வி: கேபின் ரேக்கையும் பின்தொட்டி ரேக்கையும் இணைத்து நீள ஏணி கட்டலாமா?

பதில்: இறுக்கி இணைக்காதீர்கள். பெரும்பாலான பிக்கப்களில் கேபினும் தொட்டியும் சேஸிஸ் என்ற அடிச்சட்டத்தில் தனித்தனியாக உட்கார்ந்திருக்கின்றன. கேபினுக்கடியில் ரப்பர் வேறு இருக்கிறது. மேடு பள்ளத்தில் சேஸிஸ் முறுகும்போது இரண்டும் வெவ்வேறு பக்கம் சாயும். வண்டியைப் பின்னாலிருந்து பார்த்தால், கேபினும் தொட்டியும் ஒன்றுக்கொன்று சாய்ந்து நிற்பது கண்ணுக்கே தெரியும். ஏணி இரண்டையும் பிடித்து வைத்தால் அந்த விசை முழுக்க ரேக்கின் காலில் இறங்கும். தகடு குழிவதும், சீலன்ட் விட்டுப்போவதும் இதனால்தான். தொட்டி ரேக்கில் அழுத்திக் கட்டி, கேபின் பக்கம் ரப்பர் பட்டை மேல் வழுக்கும்படி விடுங்கள்.

எடையில் ரேக்கையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். கையேட்டில் கூரை வரம்பு 75 கிலோ, ரேக் 22 கிலோ என்றால் மிச்சம் 53 கிலோதான். ரேக்கின் சொந்த வரம்பு அதைவிடக் குறைவாக இருந்தால் அதுதான் கணக்கு.

கேள்வி: வேகமாகப் போனால் ரேக் விசில் அடிக்கிறதே?

பதில்: குறுக்குக் கம்பியின் திறந்த பள்ளத்தை ரப்பர் பட்டையால் மூடுங்கள். இறக்கை வடிவக் கம்பி என்றால் தடித்த முனைதான் முன்பக்கம். பலர் திருப்பி மாட்டிவிடுகிறார்கள். உருண்டைக் கம்பியில் ஒரு கயிற்றைச் சுருளாகச் சுற்றினாலே ஊளை பெரும்பாலும் அடங்கிவிடும்.