மகள் ஆலோசகரை நம்ப மறுக்கிறாள்

கேள்வி: என் மகளுக்கு 23 வயது. ‘பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸ்ஆர்டர்’ (உணர்ச்சிகளும் உறவுகளும் நிலையில்லாமல் தவிக்கும் ஆளுமைக் கோளாறு) என்று மருத்துவர் கூறியிருக்கிறார். நான் வீடு திரும்ப அரை மணி நேரம் தாமதமானாலே, ‘நீயும் என்னை விட்டுப் போய்விடுவாய்’ என்று போனில் அழுகிறாள். மனநல ஆலோசகர் ஒரு வாரச் சந்திப்பைத் தள்ளிவைத்ததால், இனி அவரிடம் வரமாட்டேன் என்கிறாள். வேறு ஆலோசகரைப் பார்க்கலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம், சகோதரி. சந்திப்பு தள்ளிப்போனதில் எழுந்த கோபத்தை உங்கள் மகள் அவரிடமே நேரில் சொல்வதும், அவர் சாக்குச் சொல்லாமல் அதைக் கேட்டுக்கொள்வதும் இந்தச் சிகிச்சையின் முக்கியமான பகுதி. கோபம் வரும்போதெல்லாம் ஆலோசகரை மாற்றினால் அந்தப் பகுதி நடக்காமலே போய்விடும்.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர ஆய்வாளர்கள் 2008-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அதில் இருவர் ஆடும் ஒரு பண விளையாட்டு: ஒருவர் கொடுக்கும் பணம் மும்மடங்காகி எதிராளியிடம் சேரும். அவர் அதில் விரும்பியதைத் திருப்பித் தரலாம். இப்படிப் பத்துச் சுற்றுகள். கொடுப்பவர் நம்பிக்கை இழந்து தொகையைக் குறைத்தபோது, பணம் பெறும் இடத்தில் இருந்த, இக்கோளாறு இல்லாதவர்கள் சற்றுத் தாராளமாகத் திருப்பித் தந்து அவரைச் சமாதானப்படுத்தினார்கள். இக்கோளாறுள்ள 55 பேரிடம் அந்த முயற்சி குறைவாகவே இருந்தது. அற்பத் தொகை வரும்போது கோளாறு இல்லாதவர்களின் மூளையில், எதிர்பார்த்த நியாயம் மீறப்படும்போது இயங்கும் ‘இன்சுலா’ என்ற பகுதி காட்டிய எதிர்வினையும் இவர்களிடம் காணப்படவில்லை. பிறர் கைவிடத்தான் போகிறார்கள் என்று முன்பே எண்ணியிருப்பவருக்கு அதில் அதிர்ச்சி ஏது? ஆகவே உங்கள் மகளின் மறுப்பை வெறும் பிடிவாதமாகக் கொள்ளாதீர்கள். முறிந்ததை ஒட்டவைக்க முடியும் என்பதே அவளுக்குத் தோன்றாமல் இருக்கலாம்.

வீட்டில், ‘உன்னை ஒருபோதும் தனியாக விடமாட்டேன்’ போன்ற பெரிய வாக்குறுதிகளைத் தவிருங்கள். ‘மீட்டிங்கில் போனை எடுக்க முடியாது, ஏழு மணிக்கு நானே அழைக்கிறேன்’ என்று சொல்லி, ஏழு மணிக்குத் தவறாமல் அழையுங்கள். அவளுக்குத் தெரியாமல் அவள் போனைப் பார்ப்பதும், ஆலோசகரிடம் ரகசியமாகப் பேசுவதும் கூடவே கூடாது. உயிருக்கு ஆபத்தான எதையும் ஆலோசகரிடம் மறைத்துவைக்க மாட்டேன் என்பதை மட்டும் அவள் அமைதியாக இருக்கும் நேரத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இது தீராத நோய் என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில் பெரும்பாலோரின் அறிகுறிகள் தணிந்திருக்கின்றன. தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பேச்சு வந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திராமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எந்நேரமும் இயங்கும், அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416.