யார் மகன் என்று கேட்காத ஊர்

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஒரு சிற்றூரிலிருந்து முதுகலைப் படிப்புக்காக ஜெர்மனி போகிறேன். எங்கள் வீட்டில் வெளிநாடு போகும் முதல் ஆள் நான்தான். போன புதிதில் அந்த ஊர் உங்களுக்கு எப்படித் தோன்றியது?

பதில்: நான் போச்சம்பள்ளிப் பக்கத்துக்காரன். 2024 அக்டோபரில் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். இப்போது விடுமுறைக்கு வந்து, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அங்கே கோடைப் பருவம் ஏப்ரலில் தொடங்கி ஜூலை வரை நடக்கிறது. தேர்வுகள் முடிந்து வந்து சேர்ந்தபோது எங்கள் தோப்பில் ஒரு பெங்களூரா காய்கூட மிச்சமில்லை. நீங்களும் இனி மாம்பழக் காலத்தில் ஊரில் இருக்க மாட்டீர்கள். அதற்கு இப்போதே மனதைத் தயார்செய்து கொள்ளுங்கள்.

நான் போய் இறங்கியது ஒரு சனிக்கிழமை இரவு. பெங்களூரிலிருந்து பிராங்க்பர்ட், அங்கிருந்து ரயில். விடுதிச் சாவியை வார நாட்களில், அதுவும் அலுவலக நேரத்தில்தான் கொடுப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. தருமபுரிக்கார அண்ணன் ஒருவர் தன் அறையில் இடம் கொடுத்ததால் தப்பித்தேன். நீங்கள் வார நாளில், முடிந்தால் காலையில் போய்ச் சேரும்படி டிக்கெட் எடுங்கள்.

மறுநாள் ஞாயிறு. எங்கள் ஊரில் ஞாயிறு என்றால் சந்தை. விடியும் முன்பே ஆடுகளை ஏற்றிய வண்டிகளின் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். சுற்றுவட்டார ஊர்கள் அத்தனையும் அன்று போச்சம்பள்ளியில்தான் இருக்கும். அந்தப் பழக்கத்தில் பால் வாங்கலாம் என்று காலையில் தெருவில் இறங்கினேன். கடைகள் எல்லாம் மூடியிருந்தன. ஆள் நடமாட்டமே இல்லை. ஊரில் ஏதோ துக்கம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஞாயிறு ஓய்வு நாள் என்பது அவர்களுடைய அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது என்று அண்ணன் சொன்னார். 1919ஆம் ஆண்டின் பழைய ஜெர்மன் அரசியலமைப்பான வைமார் அரசியலமைப்பில் இருந்த விதியை, 1949இல் இன்றைய அரசியல் சட்டமான அடிப்படைச் சட்டத்திலும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் போன்ற சில மட்டும் திறந்திருக்கும்.

திங்கட்கிழமை தனியாக டிராம் ஏறினேன். டிக்கெட் வாங்கிக் கையில் பத்திரமாக வைத்திருந்தேன். எதிரே இருந்த ஒரு பாட்டி எழுந்து வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் அதை என் கையிலிருந்து வாங்கி, கதவோரம் இருந்த சிறு பெட்டிக்குள் நுழைத்து முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார். முத்திரை இல்லாத டிக்கெட் செல்லாது. பரிசோதகரிடம் சிக்கினால் 60 யூரோ அபராதம். நான் நன்றி சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த ஊரை நான் புரிந்துகொள்ள அந்தப் பாட்டி போதும். ஆனால் அன்று எனக்கு அது தெரியவில்லை. நம் பக்கத்தில் ஒருவர் இவ்வளவு உதவி செய்தால் அடுத்து என்ன கேட்பார்? எந்த ஊர், யார் மகன், என்ன படிக்கிறாய், எத்தனை பேர் கூடப் பிறந்தவர்கள் என்று இறங்கும் இடம் வரும்வரை கேட்பார். டிரெஸ்டனில் மூன்று வாரம் என்னை யாருமே எதுவும் கேட்கவில்லை. விடுதியில் பொதுச் சமையலறை. அங்கே வருகிறவர்கள் "ஹலோ" என்பார்கள், சமைப்பார்கள், போய்விடுவார்கள். என்னைப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். இரவில் அம்மாவிடம் பேசும்போது மட்டும் குரல் தழுதழுக்காமல் பார்த்துக்கொள்வேன்.

ஒரு நாள் குப்பையை எந்தத் தொட்டியில் போடுவது என்று தெரியாமல், பக்கத்து அறை மாணவனிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் கேட்டேன். காகிதத்துக்கு ஒன்று, பிளாஸ்டிக் உறைகளுக்கு ஒன்று, காய்கறிக் கழிவுக்கு ஒன்று என்று தொடங்கியவன் ஒரு மணி நேரம் பேசினான். என் டப்பாவில் இருந்த ராகி மாவைத் தொட்டுப் பார்த்து அது என்ன என்று விசாரித்தான். இத்தனை நாள் ஏன் பேசவில்லை என்று கேட்டேன். "நீ தனியாக இருக்க விரும்புகிறாய் என்று நினைத்தோம், தொந்தரவு செய்யவில்லை" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் ஒதுக்குகிறார்கள் என்று நினைத்தது அவர்கள் கணக்கில் மரியாதை. உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான்: அங்கே யாரும் உங்களைக் கேட்க மாட்டார்கள், நீங்கள் போய்க் கேளுங்கள். கேட்டால் வேலையை நிறுத்திவிட்டுப் பதில் சொல்வார்கள். அதற்கு ஆங்கிலம் போதாது, இங்கிருந்தே ஜெர்மன் படித்துக்கொண்டு போங்கள்.

எல்லோரும் அப்படி என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். குடியேறிகளுக்கு எதிரான பெகிடா பேரணிகள் 2014இல் தொடங்கியது டிரெஸ்டனில்தான். ஒரு முறை இரவு டிராமில் ஒருவர் என்னைப் பார்த்துக் கத்தினார். புரிந்த சில சொற்களே போதுமானதாக இருந்தன. அப்போது தள்ளி உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து வந்து என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். நான் இறங்கும்வரை அவர் எழவில்லை, ஒன்றும் பேசவும் இல்லை.

வகுப்பைப் பற்றி. முதல் வகுப்பு காலை 7.30 மணிக்கு, ஒவ்வொன்றும் 90 நிமிடம். முதல் நாள் விரிவுரை முடிந்ததும் அத்தனை பேரும் மேசையைத் தட்டினார்கள். நம் பள்ளியில் மேசையைத் தட்டினால் வெளியே நிற்க வேண்டும், அங்கே அது ஆசிரியருக்குச் செய்யும் மரியாதை. என் வகுப்புகளில் வருகைப் பதிவு கிடையாது. எங்கே காணோம் என்று யாரும் வீட்டுக்குப் போன் செய்ய மாட்டார்கள். இந்தச் சுதந்திரம் இனிப்பாகத்தான் இருக்கும். பருவ முடிவில் ஒரே தேர்வில் மொத்தமும் தீர்மானமாகும்போதுதான் அதன் கனம் தெரியும். மதிப்பெண் முறையும் நமக்குத் தலைகீழ்: 1.0 மிகச் சிறந்தது, 5.0 தோல்வி. முதல் பருவத்தில் எனக்கு ஒரு 5.0 வந்தது. அடுத்த முறை எழுதித் தேறினேன்.

பணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பல்கலைக்கழகத்தில் என் படிப்புக்குக் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் ஓராண்டுச் செலவுக்கான தொகையை முடக்கக் கணக்கில் முன்கூட்டியே காட்ட வேண்டும். நான் விசாவுக்கு விண்ணப்பித்தபோது அது 11,208 யூரோ, அதே ஆண்டு செப்டம்பரில் 11,904 ஆக்கினார்கள். இப்போதைய தொகையைத் தூதரகத் தளத்தில் பாருங்கள். அது உங்கள் பணம்தான், மாதாமாதம் உங்களுக்கே வரும். ஆனால் ஒரே தவணையில் பத்து லட்சம் ரூபாய் புரட்டுவது மாந்தோப்பு வைத்திருக்கும் குடும்பத்துக்கு என்ன என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஊரின் அழகைக் கேட்டால் எனக்கு ஒரு சுவர்தான் நினைவுக்கு வருகிறது. ஃபிரௌவன்கிர்ஷே என்ற பெரிய தேவாலயம் 1945 பிப்ரவரிக் குண்டுவீச்சில் நொறுங்கியது. பல பத்தாண்டுகள் கற்குவியலாகவே கிடந்ததை 1994இல் கட்டத் தொடங்கி 2005இல் திறந்தார்கள். இடிபாட்டிலிருந்து எடுத்த பழைய கற்கள் கறுப்பாகவும் புதியவை வெளிறியும் ஒரே சுவரில் இருக்கின்றன. கிருஷ்ணகிரி என்றால் கருமலை; அந்தப் பெயர் கொண்ட மாவட்டத்துக்காரன் நான், கல் குவாரிகளைப் பார்த்து வளர்ந்தவன். உடைந்த கல்லை இவ்வளவு பொறுமையாக எடுத்து வைத்து அதன் இடத்திலேயே பொருத்த முடியும் என்று அங்கேதான் பார்த்தேன். மனம் சோர்ந்த மாலைகளில் அந்தச் சுவரின் எதிரே போய் நிற்பேன். டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும் என்பதால் அந்த மாலைகள் நீளமானவை. அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வேறு வைப்பார்கள். வழக்கமான நேரத்தில் போன் செய்த அம்மா, நான் இன்னும் வகுப்பில் இருப்பதைக் கேட்டு, "நேரத்தை எப்படி மாற்ற முடியும்?" என்று நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்னொன்று. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதன் பிறகு வரி எண் கடிதம் தபாலில் வரும். அங்கே தபால்காரர் அறை எண்ணைப் பார்ப்பதில்லை, பெட்டியில் ஒட்டியிருக்கும் குடும்பப் பெயரைத்தான் பார்ப்பார். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பாவின் பெயர் இருந்தது. அதனால் என் தபால் பெட்டியில் அப்பாவின் பெயர், அலுவலகக் கடிதங்களில் "ஹெர்" என்ற மரியாதைச் சொல்லுக்குப் பின் அப்பாவின் பெயர், வகுப்பில் பேராசிரியர் அழைப்பதும் அப்பாவின் பெயர்.

முதலில் வந்த அந்தக் கடிதத்தை இந்த முறை ஊருக்குக் கொண்டுவந்தேன். எட்டாவதோடு பள்ளியை விட்டவர் அப்பா. அந்த ஜெர்மன் எழுத்துகளில் தன் பெயரை விரல் வைத்துத் தேடி, எழுத்துக் கூட்டிப் படித்தார். இப்போது அது நிலத்தின் சிட்டா இருக்கும் மஞ்சள் பையில் இருக்கிறது.