வாலால் பற்றும் விலங்குகள்: கேள்விகளும் பதில்களும்

கேள்வி (வேளச்சேரி): எங்கள் மாடிக்கு வரும் குரங்குகள் வாலால் தொங்கி நான் பார்த்ததே இல்லை. படங்களில் மட்டும் அப்படித் தொங்குவது ஏன்?

பதில்: நீங்கள் பார்ப்பவை நாட்டுக் குரங்குகள், அவற்றின் நீண்ட வால் தாவும்போது சமநிலைக்கு உதவுமே தவிர, கிளையைப் பற்றாது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழும் வளர்ந்த குரங்குகள் எவற்றுக்கும் பற்றும் வால் கிடையாது. படம் வரைபவர்கள் அமெரிக்கக் காடுகளின் சிலந்திக் குரங்கைப் பார்த்துவிட்டு, எல்லாக் குரங்குகளுக்கும் அந்த வாலை ஒட்டிவிடுகிறார்கள். சிலந்திக் குரங்கின் வால் நுனியின் உட்புறத்தில் முடி இல்லாமல், விரல் ரேகை போன்ற வரிகளுடைய தோல் இருப்பதால் கிளை வழுக்குவதில்லை. உடல் எடை முழுவதையும் வால் தாங்கிக்கொள்ள, இரு கைகளும் பழம் பறிக்க விடுபடுகின்றன. அதே அமெரிக்கக் காடுகளின் கப்பூச்சின் குரங்கும் வாலைச் சுற்றிப் பிடிக்கும் என்றாலும், அதன் வால் நுனி வரை முடியால் மூடப்பட்டிருக்கும்.

கேள்வி (திருவான்மியூர்): பச்சோந்தியின் வால் அறுந்தால், பல்லிக்குப் போல மீண்டும் வளருமா?

பதில்: வளராது. வீட்டுப் பல்லி ஆபத்தில் தன் வாலைத் தானே உதிர்த்துவிடும். பச்சோந்திக்கு அந்த ஏற்பாடே இல்லை. மெல்லிய கிளையில் உடலை நிறுத்தும் ஐந்தாவது பிடி அந்த வால் என்பதால், அதை இழப்பது பெரிய இழப்பு. பிடித்து விளையாடும் சிறுவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி (காசிமேடு): கடல்குதிரை மீன்தானே, அதற்கு ஏன் வால் துடுப்பு இல்லை?

பதில்: மீன்தான். முதுகுத் துடுப்பை வேகமாக அசைத்து மெதுவாக நீந்தும் இந்த மீன், நீரோட்டம் தன்னை அடித்துச் செல்லாமலிருக்க, கடற்புல்லிலோ பவளத்திலோ வாலைச் சுற்றிக்கொண்டு, அருகே வரும் நுண்ணிய இறால் வகைகளை உறிஞ்சி உண்கிறது. அந்த வாலின் குறுக்குவெட்டு வட்டமல்ல, சதுரம்! ஒவ்வொரு வளையத்திலும் மூலைக்கொன்றாக நான்கு எலும்புத் தகடுகள் உள்ளன. நசுக்கினால் அவை ஒன்றன்மேல் ஒன்று சரிந்து, விட்டதும் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், முப்பரிமாண அச்சில் சதுர, வட்ட மாதிரிகளைச் செய்து ஒப்பிட்டபோது, நசுங்கலைத் தாங்குவதில் சதுரமே மேலாக இருந்தது. பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் இவை இழுவலைகளில் சிக்குவதுண்டு. 2001 முதல் இவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், காயவைத்து விற்பது குற்றம்.

கேள்வி (அம்பத்தூர்): இந்தியப் பாலூட்டிகளில் வாலால் பற்றும் விலங்கு ஒன்றுகூட இல்லையா?

பதில்: உண்டு. வடகிழக்குக் காடுகளில் வாழும் பின்டுராங், புனுகுப்பூனையின் உறவு. பூனை, நாய், கரடி ஆகியவை அடங்கிய ஊனுண்ணி வரிசையில் பற்றும் வாலுடைய இன்னொரு விலங்கு அமெரிக்காவின் கிங்கஜு மட்டுமே.

கேள்வி (தாம்பரம்): ஒப்போசம் வாலால் தொங்கியபடி தூங்குமாமே?

பதில்: இல்லை. அமெரிக்காவில் வாழும், குட்டியை வயிற்றுப் பையில் வளர்க்கும் விலங்கு ஒப்போசம். வளர்ந்த ஒப்போசத்தின் எடையை வால் அவ்வளவு நேரம் தாங்காது. ஏறும்போது பிடித்துக்கொள்ளவும், காய்ந்த இலைகளைச் சுருட்டிக் கூட்டுக்குக் கொண்டுபோகவும் அது வாலைப் பயன்படுத்துகிறது.