தாத்தாவின் இரட்டைக்குழலை மெருகேற்றும் முன்

தாத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கியில் பழுப்புத் திட்டுகள் இருக்கின்றன, நன்றாகத் தேய்த்துப் புதிதாக ப்ளூயிங் (இரும்பின் மேற்பரப்பைக் கருநீலமாக்கும் வேதிமுறை) செய்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், இப்போதைக்கு மெருகேற்றலில் கையை வைக்காதீர்கள்.

தோட்டா உள்ளே இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு திட்டில் எண்ணெய் விட்டு இரவு முழுக்க ஊறவிட்டு, 0000 எண் ஸ்டீல் உல்லால் (மிக மெல்லிய இரும்பு நார்) மெல்லத் தேயுங்கள். செந்துரு சேறுபோல் கரைந்து வரும். அடியில் கருமை தெரிந்தால் பழைய ப்ளூயிங் பிழைத்திருக்கிறது என்று பொருள். உலோகம் வெளுக்கத் தொடங்கினால் அங்கேயே நிறுத்துங்கள்.

எனக்குத் தீராத கோபம், சுழன்று தேய்த்து மெருகேற்றும் பஃபிங் சக்கரத்தின்மேல்தான். விளிம்புகளை மழுக்கும், திருகுத் துளைகளின் ஓரத்தைக் குழிவாக்கும், தயாரிப்பாளரின் பெயரையும் குழலின் உறுதியைச் சோதித்ததற்கான முத்திரைகளையும் கரைத்துவிடும். நிறத்தை எப்போது வேண்டுமானாலும் ஏற்றலாம், தேய்ந்த இரும்பு திரும்பாது. சேகரிப்பாளர்கள் விலையைக் குறைப்பதும் இதனால்தான்.

இரட்டைக்குழலில் இன்னொரு சிக்கலும் உண்டு. குழல்களையும் நடுப்பட்டையையும் பெரும்பாலும் ஈயப் பற்றவைப்பில் இணைத்திருப்பார்கள். கொதிக்கும் காரக் கரைசலில் செய்யும் ப்ளூயிங் அந்த இணைப்பையே அரித்துவிடும். துருவை வரவழைத்து, வெந்நீரில் கொதிக்கவைத்துக் கருமையாக்கும் பழைய முறைதான் அதற்குப் பொருந்தும்.

யாராவது ஏற்கெனவே பஃபிங் செய்து கெடுத்திருந்தால் கதை வேறு. அப்போது தாராளமாகப் புதுப்பிக்கலாம். மரப்பகுதியில் உப்புத்தாள் வேண்டாம், மரம் தேய்ந்து இரும்பின் மட்டத்தைவிடத் தாழ்ந்துபோகும். சுடும் எண்ணமிருந்தால், தேர்ந்த துப்பாக்கி வல்லுநரிடம் குழலின் சுவர்த் தடிமனை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.